தரைதொடும் கணம்: இட்ஃபோர்ட் கிளைடர் போட்டியும் ஒரு சிறு விபத்தும்

1922 ஒக்டோபர் 16 முதல் 21 வரை, இங்கிலாந்தின் தென்கரையோரத்து சசெக்ஸ் பகுதியில், இட்ஃபோர்ட் என்ற புல்மேட்டில் இயந்திரமில்லா விமானங்களுக்கான போட்டி ஒன்று நடந்தது. 'டெய்லி மெயில்' பத்திரிகை 1,000 பவுண் பரிசு அறிவித்திருந்தது. நிபந்தனை எளிமையானது: அரை மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும், அப்படிப் பறந்தவர்களுள் யார் அதிக நேரம் காற்றில் நின்றாரோ அவருக்கே பணம். கடைசி நாளில் 3 மணி 21 நிமிடம் பறந்து பிரெஞ்சு விமானி அலெக்சி மனேரோல் பரிசை வென்றார். கிளைடர் வரலாற்றை எழுதும் எவரும் இந்தப் பெயரையும் இந்த நேரத்தையும் விடுவதில்லை.

அதே வாரத்தில், அதே மேட்டில், இன்னொன்றும் நடந்தது. கோர்டன் இங்லண்ட் என்ற விமானி தாமே வடிவமைத்த சிறிய கிளைடரில் பறந்தார். தரையிறங்கும்போது கிளைடர் மோதிச் சேதமடைந்தது, அவருக்கும் காயம். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அவருடைய போட்டி அத்துடன் முடிந்தது. வரலாற்று நூல்கள் இதற்கு ஒதுக்குவது ஓரிரு வரிகளைத்தான்.

அந்த ஓரிரு வரிகளைப் பற்றியதே இக்கட்டுரை. காற்றில் எவ்வளவு நேரம் நின்றோம் என்பதை அளந்தவர்கள், எப்படித் தரைக்குத் திரும்பினோம் என்பதை அளக்கவில்லை. அளக்காத அந்தப் பகுதியில்தான் மனிதர்கள் அடிபட்டார்கள். பறத்தலைப் பின்னாளில் பாதுகாப்பானதாக்கிய பாடங்களும் அந்தப் பகுதியிலிருந்தே வந்தன. சிறு விபத்துகளை மதித்து எழுதி வைக்கும் பழக்கம் எங்கே வேரூன்றியதோ அங்கே பெருவிபத்துகள் குறைந்தன. கொழும்பின் கிருலப்பனையிலிருந்து தெற்கே சில கிலோமீற்றரில் இரத்மலானை ஓடுபாதை இருக்கிறது. நாம் வாழும் ஊருக்கும் இந்தப் பாடம் உரியது.

இயந்திரம் தடைசெய்யப்பட்ட நாட்டில்

இயந்திரமில்லாப் பறப்பு போட்டியாக வளர்ந்தது ஜேர்மனியில். முதலாம் உலகப் போரில் தோற்ற அந்த நாட்டுக்கு வெர்சாய் உடன்படிக்கை விமானப்படையை மறுத்தது. இயந்திர விமானங்களைக் கட்டவும் கடும் தடைகள் வந்தன. பறக்கத் தெரிந்த இளைஞர்களும், விமானம் கட்டத் தெரிந்த பொறியியல் மாணவர்களும் இருந்தார்கள், இயந்திரம்தான் இல்லை. 'ஃப்ளூக்ஸ்போர்ட்' இதழின் ஆசிரியர் ஒஸ்கார் உர்சினுஸ் அவர்களை 1920 கோடையில் றோன் மலைப்பகுதியின் வாசர்குப்பே குன்றுக்கு அழைத்தார். 950 மீற்றர் உயரமான, மரமற்ற, காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும் குன்று அது.

அந்த முதல் போட்டியே உயிர்ப்பலி கொண்டது. ஒய்கென் ஃபொன் லோசல் என்ற விமானி விழுந்து இறந்தார். துவண்டிருந்தவர்களை மீண்டும் எழுப்பியது ஆகன் நகரிலிருந்து வந்த வொல்ஃப்காங் கிளெம்பெரரின் பறப்பு. 'கறுப்புப் பிசாசு' என்று பெயரிடப்பட்ட கிளைடரில் அவர் 2 நிமிடம் 22 விநாடி பறந்து 1,830 மீற்றர் கடந்தார். இன்று கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். மேட்டிலிருந்து கீழே வழுக்கி இறங்குவதுதான் கிளைடர் என்று எல்லோரும் எண்ணியிருந்த காலத்தில், அது பெரிய தூரம்.

இரண்டே ஆண்டில் நிலைமை தலைகீழானது. 1922 ஓகஸ்டில் ஹனோவர் மாணவர்கள் கட்டிய 'வம்பீர்' கிளைடரில் ஆர்தர் மார்டென்ஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் பறந்தார். சில நாட்களுக்குள் ஃப்ரீட்ரிக் ஹென்ட்சன் அதே விமானத்தில் மூன்று மணி நேரத்தைத் தாண்டினார். மலைச்சரிவில் மோதும் காற்று மேல்நோக்கித் திரும்புகிறது. அந்த ஏறுகாற்றின் வேகம் கிளைடர் இறங்கும் வேகத்தை விட அதிகமாக இருந்தால், விமானம் சரிவின் முன்னே போய்வந்து, காற்று நிற்கும்வரை மேலேயே இருக்கலாம். வம்பீர் இதை உலகுக்குக் காட்டியது.

வம்பீரின் ஒரு பாகத்தை இங்கே நெருங்கிப் பார்க்க வேண்டும். 12.6 மீற்றர் நீளச் சிறகுகள், முறுக்கத்தைத் தாங்கும் பெட்டி போன்ற முன்விளிம்பு என்று நுட்பம் நிறைந்த அந்த விமானத்தின் வயிற்றில், சக்கரங்களுக்குப் பதிலாக மூன்று தோல் பந்துகள் பாதி வெளியே தெரியும்படி பதிக்கப்பட்டிருந்தன. உதைபந்தாட்டப் பந்து போன்றவை. கரடுமுரடான மலைப்புல்லில் இறங்கும்போது அதிர்ச்சியை அவை வாங்கிக்கொள்ளும். எந்தப் பக்கம் சறுக்கினாலும் உருளும். காற்றியக்கத்தில் காலத்தை முந்திய அந்த விமானத்துக்கும், தரையிறங்கும் வழி என்று வரும்போது பந்து மூன்றுதான் கிடைத்தது. பறப்பதற்குச் செலவிட்ட சிந்தனைக்கும் இறங்குவதற்குச் செலவிட்ட சிந்தனைக்கும் இடையே எவ்வளவு தூரம் இருந்தது என்பதை அந்தப் பந்துகளே சொல்லும்.

ஆறு நாட்கள், ஆயிரம் பவுண்

வம்பீரின் செய்தி பிரித்தானியாவை எட்டியதும் 'டெய்லி மெயில்' பரிசை அறிவித்தது. ஓகஸ்டில் ஹென்ட்சன் பறந்தார், ஒக்டோபரில் போட்டி. புதிய விமானம் ஒன்றை வரைந்து, கட்டி, சோதித்துப் பார்ப்பதற்கு இடையில் இருந்தது ஏறக்குறைய இரண்டே மாதம். முப்பதுக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. பாதிக்கும் குறைவானவையே காற்றில் ஏறின.

வந்த விமானங்களைப் பார்த்தாலே அந்த அவசரம் புரியும். அன்ரனி ஃபொக்கர் இருவர் அமரக்கூடிய இரட்டைச் சிறகு கிளைடருடன் வந்து, முதல் நாளே 37 நிமிடம் பறந்து காட்டினார். ஃப்ரெட் றேனம் என்ற சோதனை விமானி ஹன்டசைட் கிளைடரில் 1 மணி 53 நிமிடம் நின்றார். 'புறொக்கர்' என்ற பெயரில் ஒன்று வந்தது: போர்க்கால பிரிஸ்டல் விமானத்தின் உடலோடு ஃபொக்கர் போர் விமானத்தின் சிறகைப் பொருத்திய ஒட்டு விமானம். இரண்டும் போரில் மிஞ்சிய பழைய பொருட்கள். அவற்றை வாங்க 18 ஷில்லிங் 6 பென்ஸ்தான் செலவானது. அதிலும் விமானப்படை அதிகாரி கிறே ஒரு மணி நேரத்துக்கு மேல் பறந்தார்.

வென்றவரின் விமானமோ எல்லாவற்றிலும் வேறுபட்டது. லூயி பெய்றே வடிவமைத்த அதில் ஏறக்குறைய சம அளவான இரண்டு சிறகுகள், ஒன்றின் பின் ஒன்றாக. கடைசி நாளான சனிக்கிழமை ஃபேர்ல் பீக்கன் மேட்டின் வடக்குச் சரிவில் காற்று பலமாக வீசியது. மனேரோல் பிற்பகலில் ஏறினார். றேனத்தின் நேரத்தைத் தாண்டினார். ஹென்ட்சனின் நேரத்தையும் தாண்டினார். அதற்குள் இருட்டிவிட்டது. கீழே நின்றவர்கள் மோட்டார் கார்களின் முன்விளக்குகளை எரியவிட்டுப் புல்வெளியைக் காட்ட, அந்த வெளிச்சத்தில் அவர் இறங்கினார்.

கதையாகக் கேட்கும்போது மெய்சிலிர்க்கிறது. ஆனால் நடந்ததை நிதானமாக நினைத்துப் பார்க்க வேண்டும். இயந்திரமில்லாத, மறுமுறை சுற்றி வர வழியில்லாத விமானம், இருட்டு, பலத்த காற்று, முன்பின் தெரியாத மேட்டுநிலம், கண்ணைக் கூசவைக்கும் கார் விளக்கு. இவ்வளவையும் ஒரு மனிதரின் தலையில் ஏற்றியது எது? பரிசு விதி. நேரத்தை மட்டும் அளக்கும் விதி, இறங்கக்கூடிய வெளிச்சம் இருக்கும்போது இறங்கியவரைத் தோற்கடிக்கும். இருட்டும்வரை நின்றவரை வெல்லவைக்கும். மனேரோல் நல்லபடியாக இறங்கினார். ஆகவே அவருடைய இறக்கம் சாகசமானது. கோர்டன் இங்லண்ட் மோதினார். ஆகவே அவருடைய இறக்கம் அடிக்குறிப்பானது.

கோர்டன் இங்லண்ட்

அடிபட்டவர் அனுபவமில்லாத ஆள் என்று எண்ணிவிட வேண்டாம். 1891இல் ஆர்ஜென்டீனாவில் பிறந்த எரிக் கோர்டன் இங்லண்ட், இட்ஃபோர்டுக்கு வருவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே வரலாற்றில் இடம்பிடித்தவர். சசெக்ஸிலேயே குடியேறியிருந்த ஹோசே வைஸ் என்ற ஓவியர் பறவைகளின் சிறகைப் பார்த்துப் பார்த்துக் கிளைடர்களைக் கட்டிவந்தார். அவற்றில் ஒன்றில், 1909 ஜூன் 27 அன்று, ஆம்பர்லி மேட்டிலிருந்து பதினெட்டு வயது இங்லண்ட் பறந்தார். 58 விநாடிதான். ஆனால் புறப்பட்ட இடத்தை விட 40 அடி மேலே போனார். கீழிறங்குவதையே பறப்பு என்று கொண்டிருந்த காலத்தில், காற்றின் பலத்தால் மேலே ஏறிய பறப்புகளில் பதிவான மிக ஆரம்பமான ஒன்று அது. பின்னர் பிரிஸ்டல் நிறுவனத்தில் விமான வடிவமைப்பாளராகவும் விமானியாகவும் வேலை பார்த்தார். அவருடைய சகோதரர் ஜெஃப்ரி 1913இல் பிரிஸ்டல் விமானம் ஒன்றைச் சோதித்தபோது விழுந்து இறந்தார். விமானம் மனிதரிடம் எதை வாங்கிக்கொள்ளும் என்பது கோர்டனுக்குத் தம் வீட்டிலேயே தெரிந்த செய்தி.

அப்படிப்பட்டவர் இட்ஃபோர்டுக்குக் கொண்டுவந்தது சிறிய, ஒற்றை இருக்கைக் கிளைடர். வடிவமைத்தவரும் அவரே, ஓட்டியவரும் அவரே. அது தரையில் மோதியபோது உடைந்தது மரமும் துணியும் மட்டுமன்று. தாம் வரைந்த கோடு சரியா என்று சோதித்துப் பார்க்க அவரிடமிருந்த ஒரே கருவியும் உடைந்தது. வேறு விமானமில்லை, அந்த வாரமும் திரும்பி வராது. பார்வையாளருக்கு அது சிறு விபத்து. அவருக்கு அந்த வாரம் முழுவதுமே அதுதான்.

இறங்குவது ஏன் கடினம்

இயந்திர விமானத்தின் விமானி, இறங்கும் கோடு சரியில்லை என்று கண்டால் இயந்திரத்தை முடுக்கி மேலேறி, இன்னொரு சுற்று வரலாம். கிளைடர் விமானிக்கு அந்த இரண்டாம் வாய்ப்பு இல்லை. அவரிடம் இருப்பது உயரம் ஒன்றே, செலவழித்தது செலவழித்ததுதான். மேட்டுச்சரிவில் பறப்பவருக்கு இன்னும் மூன்று சிக்கல்கள் உண்டு.

முதலாவது, எங்கே இறங்குவது என்பது. மேட்டின் உச்சியில் இறங்க நினைத்தால், உச்சியைக் கடந்த காற்று பின்புறத்தில் சுழன்று கீழே அமுக்கும். சில மீற்றர் பின்னால் போனாலே விமானம் தரையை நோக்கித் தள்ளப்படும். அடிவாரத்தில் இறங்க நினைத்தால், வேலியும் புதரும் ஆட்டுப்பட்டியும் நிறைந்த வயல்கள். சரிவிலேயே இறங்க நினைத்தால், ஒரு பக்கச் சிறகு மண்ணைத் தொட்டு விமானம் சுழன்றுவிடும்.

இரண்டாவது, தரையருகே காற்றின் வேகம் குறைவது. புல்லும் மண்ணும் உராய்வதால் தரையை ஒட்டிய காற்று மெதுவாகத்தான் நகரும். ஒரு கிளைடர் மணிக்கு 55 கிலோமீற்றர் வேகத்தில் காற்றைக் கிழித்து இறங்கி வருகிறது என்று கொள்வோம். இருபது மீற்றர் உயரத்தில் எதிர்க்காற்றின் வேகம் 30 கிலோமீற்றர், தரையருகே 15. அந்த இருபது மீற்றரைச் சட்டென்று இறங்கினால், விமானி எதையும் மாற்றாமலே சிறகின் மேல் ஓடும் காற்றின் வேகம் 15 கிலோமீற்றர் வரை குறைந்துவிடலாம். சிறகு தாங்குவதற்குத் தேவையான ஆகக் குறைந்த வேகம் 45 என்றால், தரைக்குச் சற்று மேலே அது தாங்குவதை நிறுத்தும். விமானம் விழும். இதை அறிந்த இன்றைய விமானிகள் காற்று பலமான நாளில் வேண்டுமென்றே கூடுதல் வேகத்தோடு இறங்குகிறார்கள். 1922இல் இதைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியரோ பாடநூலோ இல்லை. பெரும்பாலான கிளைடர்களில் வேகம் காட்டும் கருவியும் இல்லை. முகத்தில் மோதும் காற்றும் கம்பிகளின் ஓசையுமே கணிப்பு.

மூன்றாவது, இறங்கும் சரிவைக் கட்டுப்படுத்த வழியின்மை. நல்ல கிளைடர் என்பது மிதந்துகொண்டே போவது. அந்த நற்குணமே இறங்கும்போது தொல்லை. குறித்த இடத்தைத் தாண்டி மிதந்து போகும் விமானத்தைக் கீழே கொண்டுவர, அன்றைய விமானி மூக்கைக் கீழே தள்ளினால் வேகம் கூடி இன்னும் தூரம் போகும். மூக்கைத் தூக்கினால் வேகம் இழந்து விழும். சிறகின் மேலே தகடுகளை எழுப்பித் தாங்குவிசையைக் குறைக்கும் ஏற்பாடு 1930களில்தான் பரவியது. ஹான்ஸ் யாகொப்ஸ் வடிவமைத்த காற்றுத்தடைகளை ஹன்னா றைட்ச் பறந்து சோதித்தார். செங்குத்தாகப் பாயும் விமானத்தையே வேகமெல்லை தாண்டவிடாமல் பிடிக்கும் அந்தத் தகடுகள், குறித்த புல்தரையில் குறித்த சரிவில் இறங்கும் வசதியையும் தந்தன. இட்ஃபோர்ட் விமானிகளின் கையில் அப்படி ஒரு நெம்புகோல் இருக்கவில்லை.

'சிறியது' என்று யார் சொல்வது?

எந்த விபத்து சிறியது, எது பெரியது என்பதற்கு இன்று ஓர் அளவுகோல் உண்டு. 1944இல் சிக்காகோவில் கையெழுத்தான சர்வதேச விமானப் போக்குவரத்து உடன்படிக்கையில் இலங்கை 1948இல் இணைந்தது. அந்த உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு விபத்து விசாரணை பற்றியது. 1951இல் முதன்முதலாக ஏற்கப்பட்டது. ஒருவர் இறந்தாலோ கடுமையாகக் காயமடைந்தாலோ மட்டும் அது விபத்து ஆவதில்லை. பெரிய பழுதுபார்ப்பு தேவைப்படும் அளவுக்கு விமானத்தின் கட்டமைப்பு சேதமானாலும் அது விபத்துதான், விசாரிக்கப்பட வேண்டியதுதான். விரல், மூக்கு போன்ற எளிய முறிவுகள் தவிர எந்த எலும்பு முறிந்தாலும் அது கடுங்காயமே. அதே இணைப்பு இன்னொன்றையும் தெளிவாகச் சொல்கிறது: விசாரணையின் ஒரே நோக்கம் இனிமேல் அப்படி நடக்காமல் தடுப்பது, பழி சுமத்துவதன்று.

இந்த அளவுகோலை உருவாக்கியவர்கள் வெறுங்கருணையால் உருவாக்கவில்லை. சிறு விபத்தில் பெரும் அறிவு இருக்கிறது என்பதைக் கண்டுதான் உருவாக்கினார்கள். அதற்கு மிகச் சிறந்த சான்று விமானம் பிறந்த இடத்திலேயே கிடைக்கிறது.

1902 செப்டெம்பரிலும் ஒக்டோபரிலும் ரைட் சகோதரர்கள் அமெரிக்காவின் கிற்றி ஹோக் மணல்மேடுகளில் எழுநூறுக்கும் ஆயிரத்துக்கும் இடைப்பட்ட தடவைகள் கிளைடரில் பறந்தார்கள். செப்டெம்பர் 23 அன்று ஓர்வில் ரைட்டின் கிளைடர் மூக்கு உயர்ந்து, வேகமிழந்து, மணலில் விழுந்து நொறுங்கியது. அவருக்குக் கீறல்கூட இல்லை. பழுதுபார்க்கச் சில நாட்கள் பிடித்தன, மீண்டும் பறந்தார்கள். அந்த நாட்களில் இன்னொரு வகை விழுகையையும் அடிக்கடி கண்டார்கள். திரும்பும்போது ஒரு பக்கச் சிறகு தாழ்ந்து, விமானம் அந்தப் பக்கமே வழுக்கி, சிறகு நுனி மணலில் குழி பறிக்கும். கிணறு தோண்டுவது என்று தங்களுக்குள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். சிரித்துவிட்டு விடவில்லை. அசையாமல் பொருத்தப்பட்டிருந்த வாற்பலகையே விமானத்தைத் தாழ்ந்த பக்கம் திருப்புகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதை அசையும் சுக்கானாக மாற்றி, சிறகின் அசைவோடு இணைத்தார்கள். விமானத்தைத் திருப்பும் முறை முழுமை பெற்றது அப்போதுதான். மறு ஆண்டு டிசெம்பரில் இயந்திரத்தோடு பறந்த விமானத்தில் அந்தச் சுக்கான் இருந்தது. மணலில் விழுந்த சில குழிகளை அவர்கள் எழுதி வைக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இட்ஃபோர்டின் குறை இங்கேதான். அது ஒரு வாரத்துப் போட்டி. வென்றவருக்குப் பணம் கொடுத்ததும் கலைந்தது. உடைந்த கிளைடர்களை ஒன்றாகப் பார்த்து, ஏன் உடைந்தன என்று சேர்ந்து ஆராய்ந்து, அடுத்த ஆண்டு வருவோருக்குச் சொல்லும் நிலையான அமைப்பு அங்கே இல்லை. அடுத்த ஆண்டு வரவும் இல்லை. பிரித்தானியாவின் கவனம் சிறு இயந்திர விமானங்களுக்குத் திரும்பியது. 1923 ஒக்டோபரில் லிம்ப்னில் நடந்த அத்தகைய போட்டியில், இட்ஃபோர்டின் வெற்றியாளர் மனேரோல் விமானத்தின் கட்டமைப்பு முறிந்து விழுந்து இறந்தார். வாசர்குப்பேயிலோ ஆண்டுதோறும் கூடினார்கள், பள்ளிக்கூடம் அமைத்தார்கள், வானிலை அறிஞரையும் பொறியியலாளரையும் விமானியையும் ஒரே மேசையில் அமர்த்தினார்கள். பத்தாண்டில் ஜேர்மனி முன்னே போயிற்று. பிரித்தானியா 1929 இறுதியில்தான் கிளைடிங் சங்கம் ஒன்றை நிறுவி, மறுபடியும் தொடக்கத்திலிருந்து கற்கத் தொடங்கியது. அந்தச் சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர்களுள் கோர்டன் இங்லண்டும் ஒருவர். இட்ஃபோர்டில் மோதியவர், தமக்குப் பின் வருவோர் மோதாதபடி கற்றுக்கொடுக்கும் அமைப்பைக் கட்ட வந்தார். அவருடைய வாழ்க்கையில் என்னை மிகவும் மதிக்கச் செய்வது இதுவே.

ஆறு வார இடைவெளி

சிறு நிகழ்வு சொல்லப்படாமல் போனால் என்ன நடக்கும் என்பதை 1974ஆம் ஆண்டு காட்டியது. அந்த ஆண்டு டிசெம்பர் 1 அன்று அமெரிக்காவின் டல்லஸ் விமான நிலையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த டி.டபிள்யூ.ஏ. 514ஆம் இலக்க விமானம், வேர்ஜீனியாவின் மலையொன்றில் மோதியது. 92 பேரும் இறந்தார்கள். இறங்குவதற்கான அனுமதியையும் வரைபடத்தையும் புரிந்துகொண்டதில் வந்த தவறு. நெஞ்சைப் பிழிவது இதுதான்: ஏறக்குறைய ஆறு வாரம் முன்பு, வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில், அதே புரிதலோடு தாழ்ந்து, மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனங்களின் விமானிகளுக்கு அந்த எச்சரிக்கை போய்ச் சேரவில்லை.

இதற்குப் பிறகே, விமானிகள் தங்கள் தவறுகளையும் தப்பிப்புகளையும் தண்டனைக்கு அஞ்சாமல் எழுதி அனுப்பும் ஏற்பாடு 1976இல் நாசாவின் பொறுப்பில் தொடங்கியது. அறிக்கைகளை வாங்குவது தண்டிக்கும் அதிகாரமுள்ள நிறுவனமாக இருக்கக்கூடாது என்பதால்தான் நாசா தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்த ஒரு முடிவில் மனித மனத்தைப் பற்றிய ஆழ்ந்த அறிவு இருக்கிறது. தண்டிப்பவரிடம் எவரும் உண்மை சொல்வதில்லை.

டல்லஸ் விபத்து நடந்து மூன்று நாள் கழித்து, டிசெம்பர் 4 இரவு, நம் மலையகத்தில் நோட்டன்பிரிட்ஜுக்கு அருகே ஏழுகன்னியர் மலையில் மார்ட்டின்எயார் விமானம் மோதியது. இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் கடமைக்குப் புறப்பட்ட யாத்திரிகர்களோடு கட்டுநாயக்காவுக்கு இறங்கிக்கொண்டிருந்த விமானம். 191 பேர், எவரும் பிழைக்கவில்லை. தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே தாழ்ந்ததே காரணமென்று விசாரணை கண்டது. அந்த மலையின் பெயரைச் சொன்னால் மலையகத்து முதியவர்கள் இன்றும் அந்த இரவைப் பற்றிப் பேசுவார்கள். ஒரே வாரத்தில் உலகின் இரு மூலைகளில் நடந்த இரண்டும் பறக்கும்போது நேர்ந்தவையல்ல. இறங்கி வரும்போது நேர்ந்தவை. 1922இன் புல்மேட்டில் அளக்கப்படாமல் விடப்பட்ட அதே பகுதி.

போட்டி தன்னைத் திருத்திக்கொண்ட விதம்

நேரத்தை மட்டும் அளக்கும் போட்டிக்கு என்ன நேர்ந்தது? அது தன் முடிவைத் தானே தேடிக்கொண்டது. 1952இல் பிரான்சின் தெற்கே ஷார்ல் அஜே கிளைடரில் தனியாக 56 மணி 15 நிமிடம் பறந்தார். இரண்டு இரவுகள் தூக்கமில்லாமல். 1954 டிசெம்பரில் அந்தச் சாதனையை முறியடிக்க முயன்ற பேர்த்ரான் டோவன் களைப்பில் சரிந்து, விழுந்து இறந்தார். அதற்குப் பிறகு உலக வான்விளையாட்டுச் சம்மேளனம் நேரச் சாதனைகளை ஏற்பதையே நிறுத்திவிட்டது. இட்ஃபோர்டில் மனேரோலை இருட்டில் இறங்கவைத்த அளவுகோல், முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் கைவிடப்பட்டது.

இன்றைய போட்டிகளில் குறித்த பாதையைச் சுற்றிவரும் வேகமும் தூரமும் கணக்காகின்றன. முடிவுக்கோட்டுக்கு வரும் விமானி குறித்த உயரத்துக்குக் கீழே வந்தால் புள்ளி குறைக்கும் விதிகள் உண்டு. ஏன்? கடைசி விநாடியை மிச்சம்பிடிக்கத் தரையோடு தரையாக வந்தவர்கள், பாதுகாப்பாகச் சுற்றி இறங்க உயரமில்லாமல் மோதியதால். வழியில் காற்று தீர்ந்து வயலில் இறங்க நேர்வது தோல்வியாகப் பார்க்கப்படுவதில்லை. பயிற்சியின் ஒரு பகுதியாகவே கற்பிக்கப்படுகிறது. விதியை மாற்றினார்கள், நடத்தை மாறியது.

இந்தியாவில் இந்தக் கல்வி இன்னொரு வடிவம் எடுத்தது. சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையத்தில் எஸ். ராமாமிர்தம் வடிவமைத்த கிளைடர்களுக்கு நட்சத்திர வரிசையிலேயே பெயர் வைத்தார்கள்: 1958இல் பறந்த அஸ்வினி, பின்னர் பரணி, கார்த்திக், ரோகிணி என்று. 1961இல் பறந்த ரோகிணி, ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமரும் பயிற்சிக் கிளைடர். கிளைடர் கழகங்களில் ஒரு தலைமுறை அதில் பழகியது. இட்ஃபோர்டில் தனியாக உட்கார்ந்து காற்றின் ஓசையை வைத்துக் கணித்த விமானிக்கும், பக்கத்திலிருக்கும் ஆசிரியரின் கை எப்போது நெம்புகோலை இழுக்கிறது என்று கண்ணால் பார்த்துக் கற்கும் மாணவருக்கும் இடையே உள்ள தூரம்தான் இந்த விளையாட்டின் உண்மையான முன்னேற்றம். மணிக்கணக்குகள் அதற்குப் பிறகுதான்.

நமக்கான கணக்கு

கொழும்பின் வான்வரலாற்றில் நாம் நினைவில் வைத்திருப்பவை இரண்டு வகை நாட்கள். ஒன்று, தொடக்க நாள்: 1935 நவம்பர் 27 அன்று சென்னைப் பறத்தல் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ தம் புஸ் மொத் விமானத்தை இரத்மலானையில் முதன்முதலாக இறக்கிய நாள். மற்றது, போர் நாள்: 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு, ஜப்பானிய விமானங்களை எதிர்க்க இரத்மலானையிலிருந்தும் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் ஹரிக்கேன் விமானங்கள் எழுந்த நாள். இடைப்பட்ட சாதாரண நாட்களில் எத்தனையோ பேர் பறக்கப் பழகினார்கள், கரடாக இறங்கினார்கள், சக்கரத்தை வளைத்தார்கள், மறுநாள் சரியாக இறங்கினார்கள். ஒரு நாட்டின் விமானக் கலை வளர்ந்தது அந்த நாட்களில்தான்.

இது விமானத்துக்கு மட்டும் உரியதன்று. பள்ளி மாணவர்கள் மாதிரி விமானமும் டிரோனும் கட்டிப் போட்டியிடும் காலம் இது. அப்படிப் போட்டி நடத்தும் ஆசிரியர்களிடம் மூன்று வேண்டுகோள்கள் உண்டு. பறந்த தூரத்துக்கும் நேரத்துக்கும் புள்ளி கொடுப்பதோடு, சேதமில்லாமல் குறித்த வட்டத்துக்குள் இறக்குவதற்கும் புள்ளி கொடுங்கள். உடைந்த மாதிரியைக் குப்பையில் போடுவதற்கு முன் அது ஏன் உடைந்தது என்று மாணவரைக் கொண்டே ஒரு பக்கம் எழுதவையுங்கள். அந்தப் பக்கங்களை அடுத்த ஆண்டு மாணவருக்குக் கொடுங்கள்.

ஹைலெவல் வீதியிலும் காலி வீதியிலும் இதே நியாயம் செல்லும். ஒருவர் இறந்தால் சந்தி பேசப்படுகிறது. அதற்கு முன் அங்கே உரசிய, சறுக்கிய, நூலிழையில் தப்பிய நூறு வாகனங்களை எவரும் எழுதி வைப்பதில்லை. தொழிற்சாலையிலும் கட்டட வேலைத்தலத்திலும் வைத்தியசாலை விடுதியிலும் அப்படித்தான். 'ஒன்றும் ஆகவில்லையே' என்று சொல்லிக் கடந்துபோவது நம் இயல்பு. ஒன்றும் ஆகாதபோதுதான் நிதானமாகக் கேட்கலாம். சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருந்து பதில் சொல்வார். சொன்னால் தண்டனை இல்லை என்று நம்பினால் உண்மையைச் சொல்வார். ஒருவர் இறந்தபின் நடக்கும் விசாரணையில் இந்த மூன்றில் ஒன்றாவது குறைந்துவிடுகிறது.

கோர்டன் இங்லண்டின் விபத்து யாருடைய உயிரையும் வாங்கவில்லை. அதனாலேயே அது மறக்கப்பட்டது. அதனாலேயே அது படிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆயிரம் பவுண் பரிசு வைத்தவர்கள் ஐம்பது பவுணை ஒதுக்கி, அந்த வாரத்தில் உடைந்த ஒவ்வொரு கிளைடரையும் பற்றி ஓர் அறிக்கை தயாரித்திருந்தால், பிரித்தானியக் கிளைடர் கலை ஏழு ஆண்டுகளை இழந்திருக்காது என்றே நான் கருதுகிறேன். பரிசு வைக்கும் எவரும், கழகம் நடத்தும் எவரும், ஒரு பட்டறைக்குப் பொறுப்பான எவரும் அந்த ஐம்பது பவுணைத் தங்கள் கணக்கில் முதலிலேயே எழுதி வைக்க வேண்டும்.